கிராமத்து ஒயர்மேனுக்கு லைசென்சு உண்டா?

ஏற்றம் போயிற்று, பம்பு செட்டு வந்தது. அரிக்கேன் விளக்கு போயிற்று. ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சம் வந்தது. அம்மிக்குப் பதில் மிக்சி, ஆட்டுக்கல்லுக்குப் பதில் கிரைண்டர். தமிழ்நாட்டில் இன்று கரண்டு எட்டாத பட்டி தொட்டி மிகவும் அபூர்வம்.

ஆனால் அந்தக் கரண்டைக் கம்பத்தில் இருந்து வீட்டுக்குள் கொண்டு வந்து, அறை அறையாகப் பிரித்து விடுகிறவர் யார்?

ஊருக்கு ஒருவர் இருக்கிறார். டீக்கடைக்குச் சொல்லி அனுப்பினால் வந்து விடுவார். ஒரு பையில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப்பு. தேர்த் திருவிழாவுக்குச் சீரியல் லைட்டு கட்டுவதும் அவர்தான். கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைப் பார்ப்பதும் அவர்தான். நள்ளிரவில் கூப்பிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். கூலியும் அதிகம் கேட்க மாட்டார். ஊரே அவரை "ஒயர்மேன்" என்றுதான் அழைக்கிறது.

அவரிடம் "உங்களுக்கு லைசென்சு இருக்கிறதா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? பஸ் ஓட்டுகிறவருக்கு லைசென்சு வேண்டும் என்று சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குக் கரண்டு இழுக்கிறவருக்கும் அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது படித்தவர்களில் கூடப் பலருக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இது புதிய சட்டம் அல்ல. 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-வது விதியாக இது இருந்தது. பிறகு 2003-ம் ஆண்டில் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-ம் ஆண்டில் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2023-ம் ஆண்டில் அவற்றுக்குப் பதிலாக வேறு ஒழுங்குமுறைகள் வந்தன. ஆண்டு மாறியது. விதியின் எண் மாறியது. சாரம் மாறவில்லை.

அந்தச் சாரம் இதுதான்: ஒருவருடைய வீட்டிலோ, கடையிலோ, தோட்டத்திலோ மின்சார வேலை செய்வது என்றால், மாநில அரசாங்கத்தின் லைசென்சு பெற்ற காண்டிராக்டர்தான் அதை எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒரு மேற்பார்வையாளர் நேரில் நின்று பார்க்க வேண்டும். கம்பியைத் தொடுகிற தொழிலாளியிடமும் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். புது வயரிங் மட்டும் அல்ல. பழையதை மாற்றுவது, கூட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும்.

அப்படியானால் பியூசான பல்பை மாற்றுவதற்குக் கூடக் காண்டிராக்டரைத் தேடி ஓட வேண்டுமா? வேண்டாம். பல்பு, மின்விசிறி, பியூசு, சுவிட்சு, 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றைக் கழற்றி, அதே போன்ற வேறொன்றை மாட்டுவதற்கு விதி விலக்கு இருக்கிறது. ஆனால் அதனால் பழைய அமைப்பின் சக்தியோ தன்மையோ மாறக் கூடாது. பழுதான மின்விசிறியை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டலாம். கிரைண்டருக்கு என்று சமையல் அறையில் புதிதாக ஒரு பிளக்கு இழுத்தால், அது விலக்கில் சேராது. தோட்டத்து மூன்று பேஸ் மோட்டார் ஓடுவது 400 வோல்ட்டுக்குக் குறையாத மின்சாரத்தில். அதன் ஸ்டார்ட்டரைப் பிரித்து மேய்வதும் விலக்கில் சேராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டணத்துக்கு ஒரு விதி, கிராமத்துக்கு ஒரு விதி என்று கிடையாது. அண்ணா சாலையில் உள்ள அடுக்கு மாடிக்கு எந்த விதியோ, அதே விதிதான் கரிசல் காட்டு ஓலைக் குடிசைக்கும்.

மூன்று படிகள்

மத்திய அரசாங்கம் விதி செய்கிறது. சீட்டு கொடுப்பது மாநில அரசாங்கம். தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்வது மின் உரிமம் வழங்கும் வாரியம். சென்னை கிண்டியில், திரு.வி.க. தொழிற்பேட்டையில் அதன் அலுவலகம் இருக்கிறது. மின்சாரம் விற்கும் வாரியம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து, இ.பி. ஆபீசில் போய் லைசென்சு கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

தொழிலாளிக்கு மூன்று படிகள். முதல் படி, மின்கம்பியாள் உதவியாளர். அடுத்தது, மின்கம்பியாள். அதாவது ஒயர்மேன். அதற்கும் மேலே மேற்பார்வையாளர். இவை எல்லாம் ஆளுக்குக் கொடுக்கப்படும் தகுதிச் சான்றிதழ்கள். காண்டிராக்டர் லைசென்சு என்பது தொழில் நடத்துவதற்கான உரிமை. அதிலும் தரங்கள் உண்டு. சான்றிதழ் பெற்ற ஆட்களும், சோதனைக் கருவிகளும் இருந்தால்தான் அந்த லைசென்சு கிடைக்கும்.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பும், ஒயர்மேன் படிப்பும் தலா இரண்டு ஆண்டுகள். படித்துத் தேறியவர்களுக்குச் சான்றிதழ் பெறும் வழி நேரானது. அப்படிப் படிக்காமல், வேலையிலேயே தேர்ந்தவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காகவே ஒரு தேர்வு இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று பெயர். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதை அரசினர் ஐ.டி.ஐ.க்களில் நடத்துகிறது. வயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். 21 வயது நிரம்பி இருக்க வேண்டும். தேர்வு பற்றிய அறிவிப்பை மாவட்டந்தோறும் பத்திரிகைகளில் வெளியிடுகிறார்கள். சிறிய செய்தியாக, மூலையில் வரும். அதை யாராவது அந்த டீக்கடையில் உரக்கப் படித்துக் காட்டினால் புண்ணியம்.

ஓடினால் போதுமா?

"இருபது வருஷமா வேலை பாக்கறேன். எந்த வீட்டிலயும் லைட்டு எரியாம இருந்ததில்லை. எனக்கு எதுக்குச் சீட்டு?" என்று கிராமத்து ஒயர்மேன் கேட்பார்.

கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் மின்சாரத்தில் ஒரு சூது இருக்கிறது. தப்பாக இணைத்தாலும் விளக்கு எரியும்! தண்ணீர்க் குழாயைத் தப்பாகப் பொருத்தினால் உடனே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். கரண்டு அப்படி ஒழுகிக் காட்டாது. காத்துக் கொண்டிருக்கும்.

ஒரு சுவிட்சை எடுத்துக் கொள்வோம். வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். சுவிட்சு, பேஸ் கம்பியில் இருக்க வேண்டும். ஆள் அவசரத்தில் நியூட்ரலில் வைத்து விட்டார். என்ன ஆகும்? போட்டால் விளக்கு எரியும். அணைத்தால் அணையும். வீட்டுக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு நாள் பல்பு பியூசாகிறது. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றுகிறார். சுவிட்சு அணைந்துதான் இருக்கிறது. ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட்டு நிற்கிறது. பேஸை அறுக்காத சுவிட்சு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

எர்த்துக் கதை இதைவிட மோசம். புது வீட்டில் இப்படிப் பேச்சு நடப்பது உண்டு.

"மாமா, எர்த்துக்குன்னு தனியாக் கம்பி இழுத்தா செலவு கூடும். குழி வேற வெட்டணும். நியூட்ரலோடயே சேத்து முறுக்கி விட்டுடட்டுமா?"

"பிரிட்ஜு ஓடுமில்லே மாப்பிள்ளை?"

"ஜம்முன்னு ஓடும்."

"அப்போ அப்படியே செய்."

பிரிட்ஜு ஓடத்தான் செய்யும். பல மாதம் ஓடும். என்றைக்காவது காற்றடித்து, கம்பத்துப் பக்கம் நியூட்ரல் கம்பி அறுந்தால் போதும். உள்ளே போன மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லாமல், முறுக்கி விட்ட அந்தக் கம்பி வழியாகவே பிரிட்ஜின் இரும்புக் கதவுக்கு வந்து விடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, தண்ணீர் எடுக்கக் கை வைப்பது அந்தக் கதவில்தான்.

சரி, குழி வெட்டி எர்த்துப் போட்டாயிற்று. அதோடு தீர்ந்ததா? இல்லை. எர்த்து நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கருவி வைத்து அளக்க வேண்டும். ஒரு சிறு கணக்கு இதோ: எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக் கொள்வோம். 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். பியூசு 15 ஆம்பியர் என்றால் அது எரியவே எரியாது. மோட்டாரின் கூட்டில் கரண்டு இறங்கி இருக்கும். பியூசு சும்மா பார்த்துக் கொண்டிருக்கும்! தடை 5 ஓமாக இருந்தால் 46 ஆம்பியர் பாயும். பியூசு அறுந்து விடும். மாசி, பங்குனியில் மண் காயக் காயத் தடை ஏறும். அதனால்தான் குழியில் கரியும் உப்பும் போட்டு, இரண்டரை மீட்டர்க் குழாய் இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லுகிறார்கள். காரணம் தெரிந்தவர் ஊற்றச் சொல்லுவார். தெரியாதவர் ஒரு முழக் கம்பியை மண்ணில் சொருகிவிட்டுப் போய் விடுவார்.

மனிதன் சாவதற்கு எவ்வளவு கரண்டு வேண்டும் தெரியுமா? பழைய 60 வாட் குண்டு பல்பில் ஓடுவது சுமார் 260 மில்லி ஆம்பியர். அதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியர், உடம்பில் சில நொடி பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. பத்துப் பதினைந்திலேயே கை இறுகிக் கொள்ளும். பிடித்த கம்பியை விட முடியாது. இதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுத்துவிடும் ஒரு கருவியை மெயின் போர்டில் வைக்கிறார்கள். ஆர்.சி.டி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் கடையில் சொல்லுவார்கள். சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டிய வீட்டில் அது இருந்தே ஆக வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் வேறு வித்தைகள். மூன்று பேஸில் இரண்டுதான் வருகிறதா? கண்டன்சரை வைத்து மோட்டாரை ஓட்டி விடுகிறார்கள். கரண்டு எப்போது வரும் என்று தெரியாதா? ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி விடுகிறார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடும். வசதிதான். ஆனால் பீஸ் கட்டையைப் பிடுங்காமல் ஒருவர் மோட்டாரில் கை வைத்திருக்கும் நேரத்தில் கரண்டு வந்தால்?

கையெழுத்து வியாபாரம்

"லைசென்சு இல்லாமல் எப்படி வீட்டுக்கு இணைப்புக் கிடைக்கிறது? மின்வாரியம் கேட்காதா?" என்று கேட்கலாம்.

கேட்கிறது. வயரிங் முடிந்தது, சோதித்துப் பார்த்தாயிற்று என்ற அறிக்கையில் லைசென்சு பெற்ற காண்டிராக்டர் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைக்க வேண்டும். அது விதி.

நடப்பு என்ன? வேலை செய்வது ஊர் ஒயர்மேன். காண்டிராக்டர் இருப்பது இருபது, முப்பது மைல் தொலைவில் உள்ள டவுனில். ஒரு தொகை கை மாறுகிறது. கையெழுத்து வருகிறது. கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டு வாசற்படியை மிதித்ததே இல்லை! எர்த்தின் தடை இத்தனை ஓம் என்று எழுதி இருக்கும். அளந்தவர் யாரும் இல்லை.

எல்லாக் காண்டிராக்டர்களும் அப்படி அல்ல. கருவியை எடுத்துக் கொண்டு நேரில் வந்து, ஒவ்வொரு பாயிண்டாகப் பார்த்து, "இதை மாற்றினால்தான் கையெழுத்து" என்று அடம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஊரில் "கெடுபிடிக்காரர்" என்பார்கள். அப்படிப்பட்டவருக்குக் கூடுதலாக நூறு ரூபாய் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை.

காகிதம் சரியாக இருக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள். விபத்து நடந்தால்தான் எல்லாம் வெளியே வரும். மின்சாரத்தால் உயிர்ச் சேதம் ஏற்பட்டால், தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் காரணம் கண்டு அறிக்கை கொடுப்பார். கம்பத்துக் கம்பி அறுந்து விழுந்து இறந்தால் பொறுப்பு மின்வாரியத்தின் மேல். மீட்டருக்கு இந்தப் பக்கம், வீட்டு வயரிங்கில் கோளாறு என்றால் வாரியத்திடம் நஷ்ட ஈடு கேட்டு ஜெயிப்பது கடினம். மாப்பிள்ளை முறுக்கிய கம்பிக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

அந்த மாப்பிள்ளையின் பாடும் திண்டாட்டம்தான். கவனக் குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு வரலாம். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106-வது பிரிவு. தண்டனை 5 ஆண்டு வரை சிறை. உதவி செய்யப் போய், ஜெயிலுக்குப் போகிற நிலை! சிறு கூலிக்காகச் செய்த வேலை, இரண்டு குடும்பங்களைத் தெருவில் நிறுத்தி விடும்.

டிரான்ஸ்பார்மர் பக்கம் போகலாமா?

லைசென்சு இருக்கிறவரும் செய்யக் கூடாத வேலை ஒன்று இருக்கிறது. ஊர் டிரான்ஸ்பார்மரில் பியூசு போனால், ஏ.பி. சுவிட்சை இழுத்துவிட்டு, ஏறிப் பியூசு கட்டுவது. நாற்று காய்கிறது, லைன்மேன் வரவில்லை என்று ஊரில் ஒரு துணிச்சல்காரர் ஏறி விடுவார். சுவிட்சின் மூன்று கத்திகளில் ஒன்று ஒட்டிக் கொண்டிருந்தால் 11,000 வோல்ட்டு அங்கேயே இருக்கும். கம்பமும் டிரான்ஸ்பார்மரும் மின்வாரியத்துக்குச் சொந்தம். வாரிய ஆள் தவிர யாரும் தொடக் கூடாது. புகார் சொல்ல 94987 94987 என்ற எண்ணில் மின்னகம் சேவை மையம் 2021-ம் ஆண்டு முதல் நடக்கிறது. போன் செய்துவிட்டுக் காத்திருப்பது எரிச்சல்தான். ஆனால் ஏறினவர் இறங்கி வராத ஊர்களில் இந்த எரிச்சலைப் பற்றி யாரும் பேசுவது இல்லை.

காட்டுப் பன்றிக்கு வேலி போடுகிறவர்களும் கேட்டுக் கொள்ள வேண்டும். வீட்டு லைனில் இருந்தோ, மோட்டார் லைனில் இருந்தோ நேராக வேலிக்குக் கரண்டு கொடுப்பது குற்றம். 2023-ம் ஆண்டு மார்ச்சு மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டில் மின் வேலிகளைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாடு அரசாங்கம் தனி விதிகளைக் கொண்டு வந்தது. யானைக்கே அந்தக் கதி என்றால், இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்துத் தோட்டக்காரர் எம்மாத்திரம்?

அமெரிக்காவில் எப்படி?

அங்கேயும் லைசென்சு மாநிலங்களின் கையில்தான். டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர் முழுத் தொழிலாளி ஆவதற்கு 8,000 மணி நேரம், அதாவது சுமார் 4 ஆண்டுகள், தேர்ந்தவரின் கீழே வேலை செய்து, பிறகு பரீட்சை எழுத வேண்டும். ஆனால் பென்சில்வேனியா, இல்லினாய் போன்ற மாநிலங்களில் எலெக்ட்ரீஷியனுக்கு மாநில லைசென்சு என்று ஒன்று இல்லை. அந்தந்த நகரமோ ஊரோ வைத்த விதிதான். நகரத்தில் கெடுபிடி இருக்கும். நாட்டுப்புறத்தில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகலாம். அந்த வகையில் நம் சட்டம் அதைவிட மேல். எழுத்தில் அது கிராமத்தையும் நகரத்தையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது.

முடிச்சு எங்கே இருக்கிறது?

சட்டம் சரி, ஆள் எங்கே? அதுதான் முடிச்சு. ஐ.டி.ஐ. படித்த பையன்கள் திருப்பூருக்கும், ஓசூருக்கும், சென்னைக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போய் விடுகிறார்கள். கிராமத்தில் மிஞ்சுகிறவர் பழகிக் கற்றவர்தான். அவரை விரட்டினால் ஊர் இருட்டாகி விடும். ஆகவே போலீசை விட்டுப் பிடிப்பது இதற்கு மருந்து அல்ல. அவருக்குச் சீட்டு கிடைக்கச் செய்வதுதான் மருந்து.

அதிலும் ஒரு சிக்கல். தேர்வு எழுத 5 ஆண்டு அனுபவம் வேண்டும். அனுபவத்துக்குச் சான்று காட்ட வேண்டும். இருபது ஆண்டுகளாகத் தனியாகவே வேலை செய்தவருக்கு யார் சான்று கொடுப்பார்கள்? லைசென்சு இல்லாமல் செய்த வேலையை அனுபவம் என்று சொல்லிக் கொள்ளவும் முடியாது.

நேரான வழி, லைசென்சு உள்ள ஒரு காண்டிராக்டரிடம் ஆளாகச் சேர்ந்து விடுவது. அவருடைய பதிவேட்டில் பெயர் ஏறும். ஆண்டுகள் கணக்கில் சேரும். வேலை அதே ஊரில், அதே வீடுகளில்தான். ஆனால் வயரிங் முடிந்ததும் காண்டிராக்டரோ மேற்பார்வையாளரோ கருவியோடு வந்து பார்த்தாக வேண்டும். கையெழுத்துக்குக் கொடுக்கிற பணம் அப்போதுதான் உண்மையான கூலி ஆகும். நாலைந்து கிராமத்து ஒயர்மேன்கள் ஒரு நல்ல காண்டிராக்டரோடு இப்படிச் சேர்ந்து கொண்டால், அவருக்கும் ஒரே நாளில் நாலைந்து வீடுகளைப் பார்த்துவிடும் வசதி.

வீட்டுக்காரருடைய பங்கு பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை பேசும்போதே இரண்டு கேள்வி கேட்டால் போதும். "அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் எந்தத் தேதியில் வீட்டுக்கு வருவார்?" என்பது ஒன்று. "அவருடைய லைசென்சு எந்தத் தேதி வரை செல்லும்?" என்பது மற்றொன்று. லைசென்சைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். சுவரில் சட்டம் போட்டு மாட்டி இருக்கும் காகிதம் காலாவதியாகி நாலு வருஷம் ஆகி இருக்கும். பூ வைத்து, பொட்டு வைத்து இருப்பதால் யாரும் அதைக் கிட்டப் போய்ப் படிப்பது இல்லை.